தொட்டி மேட்டைத் தவிர

அன்று லைசென்ஸ் டெஸ்டுக்குப் போன மூன்று பேரும் மேட்டில்தான் தோற்றார்கள். மற்றதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு காரைப் பின்னால் கொண்டுபோய்ச் செருகுவதை மூவரும் உறையில் கத்தியைப் போடுவது போலச் செய்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர், மைதானத்தின் ஓரத்தில் சிமெண்டால் கட்டிய சின்ன மேட்டில் பாதி ஏறி நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொன்னார். முதல் ஆள் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை அணைத்தார். இரண்டாவது ஆள் பின்னால் உருண்டு கோட்டைத் தாண்டினார். மூன்றாவதாக வந்த பெண் உருளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்கப் பயந்து, இன்ஜின் கதறக் கதற அங்கேயே நின்றாள்.

"உங்க ஆளுங்க பார்க்கிங்ல புலியா இருக்காங்க, மாஸ்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "மேடுன்னு வந்தா மட்டும் ஏன் எலியா ஆயிடறாங்க? போன மாசமும், அதுக்கு முன்னாடியும் இதே கதைதான்."

 தலை நரைக்கத் தொடங்கும் வரை இதே தொழிலில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு தனி பிரேக்கோடு உட்கார்ந்து கழித்தவர் மாஸ்டர். முன்பெல்லாம் அவரிடம் படித்தவர்கள் மேட்டில் மாட்டிக்கொண்டதாகப் பேச்சே இருந்ததில்லை. கிளட்ச் தேய்ந்துபோயிருக்குமோ என்று யோசித்தார். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. அடிவயிற்றில் அந்த முட்டல் ஆரம்பித்திருந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடியது.

டிரைவிங் ஸ்கூலின் முதலாளி அவருடைய மனைவியின் தம்பி. வயதில் சின்னவன், வாய் பெரியது. மாஸ்டரை அத்தான் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். அந்த மரியாதையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது என்று தெரியாமல், திட்ட வேண்டிய நாட்களில் மேசையில் இருக்கும் சாமான்களை இடம் மாற்றி வைப்பான். அன்று சாயங்காலம் பேனா ஸ்டாண்ட் மூன்று தடவை இடம் மாறியது.

"அடுத்த டெஸ்ட்லயும் மேட்டுல கவுத்தாங்கன்னா, அத்தான், நீங்க ஆபீஸ்ல உட்காருங்க. வண்டிக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்றான். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கும் வயசாகுதுல்ல," என்று சேர்த்துக்கொண்டான்.

ஆபீஸ் என்பது ஒரே அறை. அதன் கழிப்பறைக் கதவு முதலாளி நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் மச்சானின் முதுகை உரசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் தலையைத் திருப்பிப் பார்ப்பான். இரண்டு நாளில் அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும், மூன்றாவது நாள் குடும்பம் முழுவதற்கும் தெரிந்துவிடும். தன் மாமனாரின் மூல ஆபரேஷனை ஆபீசுக்கு வந்தவர்களிடமெல்லாம் கைச்சாடையோடு விளக்கியவன் அவன். காருக்குள் இருக்கும்வரைதான் மாஸ்டர் மாஸ்டராக இருக்க முடியும்.

விஷயம் இதுதான். ஒன்றரை வருடமாக அவருக்குச் சிறுநீர் அடிக்கடி வந்தது. வந்தாலும் சரியாக வரவில்லை. போய் நின்றால் யோசித்து யோசித்துச் சொட்டும். திரும்பி வந்து உட்கார்ந்தால், இன்னும் பாக்கி இருக்கிறது என்று உள்ளே ஏதோ ஒன்று நச்சரிக்கும். உட்காரும் இடத்துக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தைத்துவிட்டது போன்ற வலி வேறு. முதலில் பார்த்த டாக்டர் கிருமி என்று சொல்லி வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, திரும்பி வந்தது. இரண்டாவது டாக்டர் வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தார். வயிறுதான் கெட்டது. மூன்றாவதாகப் போனவர் இதற்கென்றே படித்த டாக்டர். மாஸ்டரைப் போலவே களைத்த முகம் அவருக்கு. சிறுநீரைப் பரிசோதித்தார், விரலை விட்டுப் பரிசோதித்தார், ரத்தத்தையும் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"புராஸ்டேட் சுரப்பிதான். ஆனா கிருமி எதுவும் அகப்படலை. கிருமி இல்லாமலே அந்த இடத்துல நாள்பட்ட வலியும் தொந்தரவும் இருக்கறது உண்டு. புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. லேசுல விட்டும் போகாது."

அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை சிறுநீர்ப் பையின் கழுத்தை இளக்கிவிடும் என்றார். தினமும் ஒரே வேளை சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட வேண்டும். பலன் தெரிய வாரங்கள் ஆகும், முழுசாகக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், இடைவெளி கூடும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் தலை சுற்றலாம், மெதுவாக எழுந்திருங்கள், முதல் சில நாள் வண்டியைத் தொடாதீர்கள். தாம்பத்யத்தில் விந்து குறைவாக வரலாம், வராமலே போகலாம், பயப்பட வேண்டாம். காபியைக் குறைக்க வேண்டும். இடுப்புத் தசையைத் தளர்த்தும் பயிற்சி ஒன்று உண்டு. முக்கியமாக, ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது.

"என் வேலையே உட்கார்றதுதான் டாக்டர்," என்றார் மாஸ்டர்.

டாக்டர் அதற்கு மருந்து எழுதவில்லை.

மாஸ்டர் லீவு போட்டு மாத்திரையைத் தொடங்கினார். மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டார். படுக்கையிலிருந்து எழுந்தால் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது ஒரு காரணம். இன்னொன்றை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தும், நடந்தபோது அவருக்குத் தன் உடம்பிலிருந்து ஏதோ களவுபோய்விட்டதாகத் தோன்றியது. மனைவியிடம் சொல்லவில்லை. அவள் பெட்டியில் குறையாத மாத்திரைகளைப் பார்த்துக் கேட்டாள், யாருக்காக நிறுத்தினீங்க, எனக்காகவா என்று. அவர் ஏதோ முனகினார்.

"எனக்குத் தூங்கினா போதும்," என்றாள் அவள். "நீங்க நாலு தடவை எழுந்தா நானும் நாலு தடவைதான் எழறேன். அந்தக் கணக்கை யாரும் பார்க்கறதில்லை."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னார். நீங்க மட்டும் இல்லை, இங்கே வருகிற ஆண்களில் பாதிப் பேர் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறவர்கள்தான் என்று அவர் பெருமூச்சு விட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். மாஸ்டர் மறுபடி லீவு போட்டார். மைதானத்தில் அந்த மூன்று பேர் தோற்றபோது, இரண்டாம் முறை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

தோற்ற மறுநாள் காலை வகுப்புக்கு வந்தது, இன்ஜினைக் கதறவிட்ட அந்தப் பெண்தான். ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. ஐம்பது வயது இருக்கும். டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் வேன் அக்கா என்பார்கள். வேனின் டிரைவர் ஓய்வு பெறப்போகிறார், லைசென்ஸ் வாங்கினால் அந்த இருக்கை உனக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். முதலில் கார் லைசென்ஸ், பிறகு வேனுக்கு. அவள் முதல் படியிலேயே இரண்டு தடவை வழுக்கியிருந்தாள்.

வழக்கம் போல ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் பக்கம் திருப்பச் சொன்னார் மாஸ்டர். அவள் திருப்பினாள். வழக்கம் போல அதன் திறந்தவெளி பார்க்கிங்கில், இரண்டு கார்களுக்கு நடுவே அழகாகச் செருகினாள். வழக்கம் போல மாஸ்டர், கண்ணாடியையெல்லாம் சரிபாருங்கள், வந்துவிடுகிறேன் என்று இறங்கி உள்ளே போய்விட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, நேற்று மேட்டில் என்ன ஆச்சு என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்.

வேன் அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க மாஸ்டர். இத்தனை மாசமா உங்ககிட்ட வர்றேன், நீங்க எனக்கு ஒரு மேட்டைக் கண்ணால காட்டினது இல்லை. முதல் மேட்டை நான் டெஸ்ட்லதான் பார்த்தேன்."

மாஸ்டர், சொல்லிக்கொடுத்தோமே என்றார்.

"வாயால சொன்னீங்க. இந்த வாசல்ல இருக்கிற ஸ்பீடு பிரேக்கர்ல வெச்சு."

 காம்ப்ளெக்ஸ், அங்கிருந்து பெட்ரோல் பங்க், நூலகத்து வாசல், திரும்ப காம்ப்ளெக்ஸ். ஒன்றரை வருடத்தில் தன் வகுப்புகள் போன வழியை அப்போதுதான் அவர் வெளியிலிருந்து பார்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கழிப்பறை இருந்தது. ஊரில் மேட்டில் வண்டி ஓட்டிப் பழக இருக்கிற ஒரே சாலை, குடிநீர்த் தொட்டிக்குப் போகிற மேடு. தொட்டி மேடு என்பார்கள். ஏற்றம் முழுக்க ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். ஒரு கடை கிடையாது. அங்கே போக வேண்டாம் என்று அவர் எந்த நாளிலும் முடிவு செய்யவில்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான். பார்க்கிங்கில் புலியாக இருந்தார்களே, அது கற்றுக்கொடுத்த திறமையால் அல்ல. ஒரு வகுப்புக்கு இரண்டு தடவை அவருக்காக அவர்கள் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. தன் மூத்திரப்பைதான் இத்தனை நாள் பாடம் எடுத்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

அன்று வீட்டில் இன்னொன்றும் காத்திருந்தது. அவருக்குக் காம்ப்ளெக்ஸில் யாரோ ஒருத்தி இருக்கிறாள், அதனால்தான் ஒவ்வொரு வகுப்பிலும் வண்டியை அங்கே விடுகிறார் என்று மாணவர்களுக்குள் பேச்சு. அது மச்சான் காதுக்குப் போய், அவன் பூசி மெழுகித் தன் அக்காவிடம் விசாரித்திருந்தான். மனைவி அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. நிறுத்த முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒருத்தி," என்றாள். "பாவம் அவ. எத்தனை தடவை கதவைத் திறப்பா." பிறகு சிரிப்பு வற்றி, அவனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். இதைச் சொல்வதைவிட அந்தப் பேச்சே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அடுத்த வகுப்பில், காம்ப்ளெக்ஸ் திருப்பம் வந்ததும் நேராகப் போகச் சொன்னார். காலையில் காபி குடிக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை, அப்படிச் செய்யாதீர்கள், எரிச்சல்தான் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தும். தொட்டி மேட்டின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வேன் அக்காவுக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். கிளட்சை விடும்போது வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், அப்போது காலை அசைக்கக் கூடாது, அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கில் கை. அவள் ஏறினாள், நின்றாள், எடுத்தாள், உருண்டாள். அவர் தன் காலடி பிரேக்கைப் போட்டு நிறுத்தினார். மறுபடி. மூன்றாம் தடவை வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே போனது.

பாதி ஏற்றத்தில் முன்னால் ஒரு குப்பை லாரி குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் இரண்டு வண்டிகள். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. அப்போதுதான் அவருக்கு ஆரம்பித்தது. முதலில் கூழாங்கல். பிறகு முட்டல். தொடைகளை இறுக்கினார், இறுக்கக் கூடாது, தளர்த்த வேண்டும் என்பது பயிற்சி. தளர்த்தினால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். பாறையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பின்னால் நிற்கும் வண்டிகளில் இருந்த முகங்களைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஒண்ணுக்கா மாஸ்டர்?" என்றாள் வேன் அக்கா.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"நான் வேன்ல தினமும் பிள்ளைங்களோட போறவ. அவங்க வாயைத் திறந்து சொல்லவே மாட்டாங்க. முட்டியைப் பார்த்தாலே தெரியும். உங்களுதையும் எத்தனையோ நாளா பார்க்கறேன். சுகரோன்னு நினைச்சேன்."

"சுகர் இல்லை," என்றார். பிறகு, எதிர்பார்க்காமல், மீதியும் வந்தது. "புராஸ்டேட். மருந்து சாப்பிடறேன். கேட்க மாட்டேங்குது."

அவள் ஹேண்ட் பிரேக்கை இன்னொரு பல் இழுத்தாள். லாரி நகர்ந்ததும், அவர் எதுவும் சொல்லாமலே கிளட்சை விட்டாள், மூக்குத் தூக்கியது, கை இறங்கியது, வண்டி ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகாமல் ஏறியது. அதைப் பாராட்டும் நிலையில் அவர் இல்லை. அவள் நேரே உச்சிக்குப் போய்த் தொட்டியின் இரும்பு கேட் முன்னால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளே நாற்காலியில் இருந்த காவலாளியிடம், "அண்ணே, எங்க மாஸ்டருக்கு அவசரமா பாத்ரூம் போகணும்," என்றாள். நேரம் என்ன என்று கேட்பது போலக் கேட்டாள்.

காவலாளி எழுந்துகூட வரவில்லை. பின்பக்கம் இருக்கு, கதவைக் கொஞ்சம் தூக்கித் திறங்க என்றான்.

சுத்தமான, சின்ன அறை. மாஸ்டர் நெடுநேரம் நின்றார். வழக்கம் போல யோசித்து யோசித்துத்தான் வந்தது. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஒன்றரை வருடம் இந்தக் கதவு இங்கேதான் இருந்திருக்கிறது. கேட்டால் போதுமாக இருந்தது. கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லா மாணவர்களையும் தொட்டி மேட்டுக்குக் கூட்டிப்போனார். காவலாளி அவர் வண்டியைக் கண்டாலே கையைப் பின்பக்கம் காட்ட ஆரம்பித்தான். மருந்தும் ஏதோ கொஞ்சம் வேலை செய்தது. சில நாள் ஒரு வகுப்பு முழுவதையும் இறங்காமல் ஓட்டிவிட முடிந்தது. சில நாள் முடியவில்லை. வலி இருந்தது. மனைவி சில இரவுகளில் தொடர்ச்சியாகத் தூங்கினாள்.

அடுத்த டெஸ்டுக்கு மச்சானே மைதானத்துக்கு வந்துவிட்டான். அதே மூன்று பேர். முதல் ஆளுக்கு இடையில் உடம்பு சரியில்லாமல் போய், மேட்டில் ஒரே ஒரு வகுப்புதான் கிடைத்திருந்தது. மறுபடி வண்டியை அணைத்தார். இரண்டாவது ஆள் தேறினார். வேன் அக்கா மேட்டில் நின்றாள், எடுத்தாள், ஏறினாள். இறங்கி வந்து, இன்ஸ்பெக்டர் பாஸ் என்று சொன்ன பிறகும் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள்.

மச்சான் மாஸ்டரைத் தனியாக மர நிழலுக்குக் கூட்டிப்போனான். இங்கே இடம் மாற்றி வைக்க மேசை இல்லாததால் சட்டைப் பொத்தானைத் திருகினான். ரெண்டு பேர் ஏறிட்டாங்க, சந்தோஷம்தான், ஆனால் வேறொரு ஆளிடம் பேசி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை வருகிறான் என்றான். மேடு மட்டும் இல்லை அத்தான் என்று இழுத்தான். அந்தக் காம்ப்ளெக்ஸ் விஷயம், ஸ்கூல் பேர், அக்காவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

மாஸ்டருக்குக் கால் வலித்தது. சண்டை போடவும், ரோஷப்படவும் நிறையத் தெம்பு வேண்டும். அவரிடம் மிச்சம் இருந்தது ஒரு வாக்கியத்துக்கான தெம்புதான்.

"எனக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வரும், மாப்பிள்ளை. அடக்க முடியாது, போனாலும் சரியா வராது. புராஸ்டேட்டுல கோளாறு. வைத்தியம் நடக்குது, இன்னும் எத்தனை மாசம்னு தெரியாது. காம்ப்ளெக்ஸ்ல பாத்ரூம் இருக்கு. அதான் அங்க போனேன். மேட்டுல இல்லைன்னு நினைச்சேன். அதான் போகலை."

மச்சான் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவனை அப்படி மாஸ்டர் பார்த்ததே இல்லை. கடைசியில், அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றார்.

"அப்ப எனக்கு மட்டும்தான் சொல்லலை," என்றான். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தன் வாயைப் பற்றி அவனுக்கே தெரிந்திருக்கும் போல; ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. பேசி முடித்த ஆளை இனி வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றான். காலை வகுப்பெல்லாம் நீங்கள் எடுங்கள், மதியத்துக்கு மேல் அவன் எடுக்கட்டும். சம்பளம் கொஞ்சம் குறையும். ஆபீசில் உட்கார வேண்டாம்.

பாதி இருக்கைதான். மாஸ்டர் சரி என்றார். மதியத்துக்கு மேல் படுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தண்டனையாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை புது மாணவர் ஒருவர் வந்தார்; துணிக்கடை வைத்திருப்பவர். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். மாஸ்டர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்று தொடங்கினார். வழியில் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை, நான் பாத்ரூமுக்கு இறங்கிப் போவேன். அப்போது இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

துணிக்கடைக்காரர் திரும்பி அவரைப் பரிவோடு பார்த்தார். "சுகரா மாஸ்டர்?"

"இல்லை. புராஸ்டேட்."

"அட. எங்க பெரியப்பாவுக்கும் அதேதான். அவர் என்ன பண்ணாருன்னா, ஒரு வேரைக் கொண்டுவந்து, நல்லா காய வெச்சு..."

"ரோட்டைப் பாருங்க," என்றார் மாஸ்டர்.